மலையேறிய பயிர்: ஆந்திர எல்லைக் காடுகளில் கஞ்சாவின் வரலாறு

சங்க மலரில் கஞ்சாவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கல்வெட்டு, கோயில், இசை என்று எழுதிவரும் பக்கங்களில் இதெல்லாம் எதற்கு என்று மலர்க்குழு நண்பர் ஒருவரே என்னைக் கேட்டார். ஹைதராபாத், செகந்தராபாத் என்ற இரட்டை நகரத்தில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை என்று அவருக்குப் பதில் சொன்னேன். கிழக்கே ஆந்திர-ஒடிசா எல்லைக் காடுகளில் விளைவது நம் நகரத்து வெளிவட்டச் சாலை வழியாகத்தான் மேற்கே போகிறது. தெற்கே போவதோ, நாம் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகிற அதே ரயில் தடத்தில். போதாக்குறைக்கு, அந்தக் காட்டுப் பயிரின் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பெருமைப்பட்டுக்கொள்ளும் பங்கு என்று சொல்வதற்கில்லை.

கஞ்சா என்றாலே நடுக்காட்டில், மலைச் சரிவில், யார் கண்ணிலும் படாமல் வளர்வது என்றுதான் இன்று நாம் நினைக்கிறோம். நூறு வருடங்களுக்கு முன்னால் நிலைமை அப்படி இல்லை. அன்று அது சமவெளியில், ஊரறிய, சர்க்கார் உரிமத்தோடு விளைந்த பயிர். அது எப்படி மலையேறியது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உரிமத்தோடு விளைந்த காலம்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரே செடிதான். இலையை அரைத்துக் குடிப்பது பாங்கு. பெண் செடியின் பூங்கதிர் கஞ்சா. அதன் பிசின் சரஸ். ஹோலிப் பண்டிகையின்போது பேகம் பஜார் பக்கம் தண்டாயில் கலப்பது முதல் வகை. நம் சித்த மருத்துவ நூல்களிலும் கஞ்சா மருந்துச் சரக்காக இடம்பெறுகிறது. தக்காணத்திலும் கோவாவிலும் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் பாங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் பணிபுரிந்த வில்லியம் ஓ'ஷாக்னசி என்ற ஐரிஷ் மருத்துவர் 1839இல் அதன் மருத்துவப் பயனை ஆராய்ந்து எழுதியபின் மேனாட்டு மருந்துக் கடைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைக்கும் பணியை முன்னின்று நடத்தியவரும் இதே ஓ'ஷாக்னசிதான்.

1893ஆம் ஆண்டு, கஞ்சாவினால் இந்தியர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, ஒழுக்கம் கெடுகிறது என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அதன்பேரில் மாக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட இந்திய கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஏழு பேரில் மூவர் இந்தியர். நாடு முழுவதும் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. நோய்க்குக் காரணம் தெரியாத இடத்திலெல்லாம் 'கஞ்சா' என்று எழுதிவைப்பது வழக்கமாக இருந்திருக்கிறது! அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை, அளவு மீறினால் தீங்கு உண்டு, முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று 1894இல் அறிக்கை முடிந்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு அதில் வருமானமும் இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

எங்கெல்லாம் இது விளைந்தது என்ற விவரமும் அந்த அறிக்கையில் கிடைக்கிறது. வங்காளத்தில் ராஜஷாஹி பக்கத்து நௌகாவ், மத்திய மாகாணத்தில் கண்டுவா, பம்பாய் மாகாணத்தில் அகமதுநகர் ஆகியவை பேர்பெற்ற இடங்கள். நம் சென்னை மாகாணத்தில் இரண்டு. ஒன்று அன்றைய கிருஷ்ணா ஜில்லாவின் பாபட்லா தாலுகா. இன்னொன்று வடாற்காடு பக்கத்து ஜவ்வாது மலை. பாபட்லா என்றதும் நம்மில் பலருக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஞாபகம் வரும். விஜயவாடா தாண்டி, தெனாலி தாண்டி, நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது கடந்துபோகிற அதே ஊர்தான். கடற்கரையை ஒட்டிய தட்டையான பூமி. காடும் இல்லை, மலையும் இல்லை. அங்கேதான் உரிமம் வாங்கிய குடியானவர் பயிரிட்டார். விளைந்தது சர்க்கார் கண்காணிப்பில் கிடங்குக்குப் போயிற்று. வரி கட்டியபின் கடைக்குப் போயிற்று.

நௌகாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1917இல் கஞ்சா விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதன் லாபத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடந்தன. பின்னாளில் வங்கதேசமாகிவிட்ட அந்த ஊரில் 1987இல் பயிர் நிறுத்தப்பட்டது. இதைச் சொல்வது கஞ்சாவுக்குப் பரிந்து பேசுவதற்காக அல்ல. பயிரிட்டவன் பெயர் அன்று பதிவேட்டில் இருந்தது, விற்ற விலையில் அவனுக்கும் ஒரு பங்கு போயிற்று என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

சட்டம் திரும்பிய விதம்

1925இல் ஜெனீவாவில் கூடிய அபின் மாநாட்டு ஒப்பந்தத்தில் கஞ்சாவும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் இன்னும் கடுமையானது. மருத்துவம், ஆராய்ச்சி தவிர்த்த பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்றது. பழைய வழக்கம் உள்ள நாடுகளுக்கு 25 வருட அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிவதற்கு முன்பாகவே, 1985இல், நம் நாடாளுமன்றம் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த வருடம் நவம்பர் 14 முதல் அது அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தனியாகக் கிடைக்கும் இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வரவில்லை. அதனால்தான் சில மாநிலங்களில் பாங்குக் கடை சட்டப்படியே நடக்கிறது. ஆனால் செடியை அனுமதியின்றிப் பயிரிட்டால் 10 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊர்ப் பொதுவில் ஒரு ஏக்கரில் இதைப் போட இனி யாருக்குத் துணிச்சல் வரும்? தேவை மட்டும் குறையவில்லை. விலை ஏறிற்று. போலீஸும் கலால் துறையும் எளிதில் வந்துபோக முடியாத இடங்களைத் தேடி வியாபாரம் நகர்ந்தது.

மன்யம்: சாலை போகாத நாடு

அப்படிப்பட்ட இடங்களில் பெரியது, விசாகப்பட்டினத்துக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள 'ஏஜென்சி' பகுதி. தெலுங்கில் மன்யம் என்பார்கள். சிந்தப்பள்ளி, கூடெம் கொத்த வீதி, ஜி. மாடுகுல, பெதபயலு, முஞ்சங்கிபுட்டு என்று மண்டலங்கள். பகதா, கொண்ட தொரா, வால்மீகி முதலிய பழங்குடி மக்களின் நாடு. நம் இலக்கியத்துத் தினைப்புனம் மாதிரி, சரிவில் காட்டைத் திருத்தி எரித்து விதைக்கும் 'போடு' சாகுபடிதான் அவர்கள் வாழ்க்கை.

போதைப் பொருளுக்காக அரசாங்கம் இந்த மலைக்குள் நுழைந்தது இது முதல் தடவை அல்ல. 1879இல் ரம்பா கலகம் வெடித்ததற்கு முக்கியக் காரணம் கள். தம் வீட்டுத் தேவைக்குத் தாமே இறக்கிக் குடித்து வந்த கள்ளைக் குத்தகைக்காரனிடம் சர்க்கார் விட்டது. அடக்குவதற்குச் சென்னை மாகாணப் படைகள் போதாமல் ஹைதராபாத் கான்டின்ஜென்ட் படைப்பிரிவையும் வரவழைக்க வேண்டியதாயிற்று. அடுத்து 1922. காட்டுச் சட்டத்தால் போடு சாகுபடிக்குத் தடை, மலைக்குச் சாலை போட வெட்டி வேலை என்ற குறைகளை முன்வைத்து அல்லூரி சீதாராம ராஜு எழுந்தார். அந்த ஆகஸ்டில் சிந்தப்பள்ளிப் போலீஸ் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களை எடுத்துப்போனார். 1924 மே 7 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022இல் உருவான புது மாவட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தலைநகர் பாடேரு. அவர் ஆயுதம் எடுத்த சிந்தப்பள்ளி, நம் காலத்தில் கஞ்சா வழக்குகளால் செய்தியில் அடிபட்டது வரலாற்றின் ஒரு கசப்பான திருப்பம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒடிசாவின் மல்காங்கிரி. அங்கே பாலிமேளா அணை கட்டியபோது நீர் சூழ்ந்து நூற்றைம்பது கிராமங்கள் வரை துண்டிக்கப்பட்டன. அரசு ஆவணங்களிலேயே அதற்குத் 'துண்டிக்கப்பட்ட பகுதி' என்றுதான் அன்று பெயர் இருந்தது. குருப்பிரியா பாலம் திறந்தது 2018 ஜூலையில்! அதுவரை படகு ஒன்றே வழி. மாவோயிஸ்டுகளின் நடமாட்டமும் சேர்ந்துகொண்டது. 2008 ஜூனில் அந்த நீர்த்தேக்கத்தில் படகில் சென்ற ஆந்திர கிரேஹௌண்ட்ஸ் படையினர் தாக்கப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்படிப்பட்ட இடத்துக்கு எந்தக் கலால் அதிகாரி போய்ச் செடி எண்ணுவார்?

தெற்கிலிருந்து போன விதை

இனி நம் பங்குக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கு, வருசநாட்டு மலை, அதை ஒட்டிய கேரளத்து இடுக்கி ஆகியவை 1980, 90களில் கஞ்சாவுக்குப் பேர்போன பகுதிகள். 'இடுக்கி கோல்டு' என்ற பெயர் ஒரு மலையாளப் படத்தின் தலைப்பாகும் அளவுக்குப் பரவியது. இரு மாநிலப் போலீஸாரும் வனத்துறையினரும் வருடந்தோறும் மலையேறிச் செடிகளை வெட்டி எரித்தார்கள். அங்கே பயிர் குறைந்தது. அதோடு வியாபாரமும் முடிந்துவிட்டதா என்றால் இல்லை, வடக்கே நகர்ந்தது.

ஆந்திரப் போலீஸ் அதிகாரிகள் பலமுறை சொல்லிவந்தது இது: இடுக்கியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன ஆட்கள்தான் மன்யத்து விவசாயிக்கு விதையும் முன்பணமும் கொடுத்து, விளைந்ததை வாங்கிக்கொண்டார்கள். எல்லைப் பகுதியில் 'சீலாவதி' என்று அழைக்கப்படும் ரகமும் இப்படித்தான் பரவியது என்கிறார்கள்.

மலைவாசி ஏன் ஒப்புக்கொண்டான் என்று கேட்டால், அதற்குப் பேராசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சுலபம். கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். காப்பி நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடம். மஞ்சளோ ராஜ்மாவோ விளைந்தால் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்க வேண்டும், இறங்கியபின் வியாபாரி சொன்னதுதான் விலை. கஞ்சாவோ சில மாதத்தில் விளைந்துவிடும். வாங்குகிறவன் வாசலுக்கே வருவான், முன்பணம் தருவான், சுமந்துகொண்டும் போய்விடுவான். சாலை இல்லாத ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்? மலையும் உழைப்பும் அவர்களுடையவை. முதலும் சந்தையும் லாபமும் வெளியாருடையவை. பிடிபட்டால் நிலத்தில் நிற்பவன் பெயரில் வழக்கு. முன்பணம் கொடுத்தவனின் உண்மையான பெயர்கூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

'பரிவர்த்தனா'வும் ஹைதராபாத்தும்

2021இல் இந்த விஷயம் நம் நகரத்துக்கு மிக அருகில் வந்தது. ஆகஸ்டில் வெளிவட்டச் சாலையின் பெத்த அம்பர்பேட்டை சுங்கச்சாவடியில், நாற்றுச் செடிகளுக்கு அடியில் ஒளித்துவைத்த சுமார் 3,400 கிலோ கஞ்சாவோடு ஒரு லாரி பிடிபட்டது. அக்டோபரில் ஒரு வழக்கின் தடம் பிடித்துச் சிந்தப்பள்ளிப் பக்கம் போன நல்கொண்டா போலீஸார் தாக்கப்பட்டு, துப்பாக்கிச் சூடு நடத்தித் திரும்பினார்கள். அதே மாதம் தெலங்கானா அரசு, கஞ்சா பயிரிடும் விவசாயிக்கு ரயத்து பந்து உதவித்தொகை கிடையாது என்று அறிவித்தது. நம் மாநிலத்திலும் பருத்திக்கும் துவரைக்கும் நடுவில் ஊடுபயிராகப் போடும் வழக்கம் இருந்தது என்பது அந்த அறிவிப்பின் உட்பொருள்.

அந்த மாதக் கடைசியில் ஆந்திரப் போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா'வைத் தொடங்கியது. ட்ரோனும் செயற்கைக்கோள் படமும் கொண்டு தோட்டங்களைக் கண்டுபிடித்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். சில இடங்களில் மக்களே முன்வந்து செடியைப் பிடுங்கினார்கள். சில மாதங்களில் 7,000 ஏக்கருக்கு மேல் அழிக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 12 அன்று அனகாப்பள்ளி அருகே கோடூரு கிராமத்தில், பிடிபட்ட சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவை அடுக்கிவைத்துக் கொளுத்தினார்கள். 2024இல் ஆந்திராவில் 'ஈகிள்' என்ற தனிப்படை வந்தது. தெலங்கானாவில் 2023இல் தொடங்கிய போதைத் தடுப்புப் பணியகத்துக்கும் 2025இல் அதே பெயரை வைத்தார்கள்.

பலன் இல்லாமல் போகவில்லை. ஆந்திரப் பக்கம் பயிர் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மல்காங்கிரியிலும் கோராபுட்டிலும் சாகுபடி தொடர்ந்தது. சமவெளியில் அழித்தபோது மலைக்குப் போனது. கம்பத்தில் அழித்தபோது மன்யத்துக்குப் போனது. மன்யத்தில் அழித்தபோது எல்லை தாண்டியது. வாங்குகிற நகரம் அப்படியே இருக்கும்வரை விளைகிற காடு மட்டும் மாறிக்கொண்டிருக்கும் என்பதுதான் இந்த நூறு வருடக் கதையிலிருந்து நான் கண்டது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 1956இல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் மலைவிளைபொருளை வாங்கி விற்கிறது. நம் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நாந்தி அறக்கட்டளை, அரக்குப் பழங்குடி விவசாயிகளின் காப்பியை 2017இல் பாரிஸ் நகரக் கடைத்தெருவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 2019இல் அரக்கு அரபிகா காப்பிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசலுக்கு வந்து நியாய விலைக்கு வாங்கும் ஆள் கிடைத்தால் மலைவாசி எந்தப் பயிரையும் விளைவிப்பான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் வீட்டுக்கு வருவோம்

நான் செகந்தராபாத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிழக்கிலிருந்து வரும் வண்டிகளில் உரிமையாளர் இல்லாத பைகள் கிடப்பது பற்றி ஊழியர்கள் பேசிக்கொள்வது எனக்குப் பழகிய விஷயம். ஆனால் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் பிடிபட்டபோதுதான் இதன் கனம் தெரிந்தது. கல்லூரி மாணவன். "வைசாக்குக்குப் போய் ஒரு பையை வாங்கிட்டு மெட்ராஸ்ல குடுத்துடு, டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் தரோம்" என்று யாரோ சொன்னார்கள். கேட்டான், போனான். பையில் இருந்தது 20 கிலோவுக்கு மேல். அவன் அம்மா என்னிடம் வந்து, "மாமா, அவன் சிகரெட்கூடப் பிடிக்க மாட்டானே, எப்படி உள்ளே வச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

சட்டத்தின் பதில் இரக்கமற்றது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தபட்ச தண்டனையே 10 வருடம், அதிகபட்சம் 20. குடிப்பவனா, சுமப்பவனா என்ற கேள்வியே அங்கு எழாது. 37ஆம் பிரிவின்படி, குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்குப் பட்டால்தான் ஜாமீன். அந்தப் பையன் வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவனை அனுப்பியவர்கள் யாரென்று அவனுக்கும் தெரியாது. மன்யத்து விவசாயிக்கு நேர்ந்ததும் இதுதானே? சங்கிலியின் இரண்டு நுனியிலும் மாட்டிக்கொள்பவர் ஏழையும் இளைஞரும். நடுவில் இருப்பவன் நடுவிலேயே இருக்கிறான்.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. நார்ச் சணலுக்கு உத்தராகண்டில் 2018இல் அனுமதி கொடுத்தார்கள். சட்டம் நாளை எப்படி மாறும் என்பது அறிஞர்களும் அரசும் விவாதிக்க வேண்டியது. நம் பிள்ளைகள் இன்றைய சட்டத்தின் கீழ்தான் ரயில் ஏறுகிறார்கள்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, அந்தப் பத்து வருடக் கணக்கைப் பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள். "கெட்ட பழக்கம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பிறத்தியார் பையை வாங்காதே, பூட்டியிருந்தால் தொடாதே" என்று சொல்வது அவர்கள் மனதில் நிற்கும். மற்றது, அரக்குக்குச் சுற்றுலா போனால் குகையும் அருவியும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சந்தையில் உட்கார்ந்திருக்கும் பழங்குடி அம்மாவிடம் மிளகோ மஞ்சளோ பேரம் பேசாமல் வாங்குங்கள். சார்மினார் எக்ஸ்பிரஸ் பாபட்லாவைக் கடக்கும்போது விழித்திருந்தால், அந்தப் பயிர் அங்கிருந்து எவ்வளவு தூரம் துரத்தப்பட்டது, அதன் பின்னால் எத்தனை ஏழைகள் ஓட வேண்டியிருந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.